முதல் மாதம் குண்டே வேண்டாம்: ரைஃபிள் பழகுபவர்களுக்கு ஒரு தொடக்கம்

பத்து மீட்டர் தூரத்தில் சுடும் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) இலக்கின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அதன் விட்டம் 0.5 மி.மீ. பத்து மதிப்பெண் வேண்டுமென்றால் குண்டு அதைத் தொட வேண்டும். சுடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி உங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரிவது 30.5 மி.மீ. அகலக் கறுப்பு வட்டம் மட்டும்தான். பார்க்க முடியாத ஒன்றை எப்படித் தொடுவது? உடம்பை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிறுத்தி, ஒரே மாதிரி விசையை (ட்ரிக்கரை) அழுத்தினால் தொடலாம். இதில் பெரும்பகுதியைக் குண்டு போடாமலே பழகிவிட முடியும் என்பதால்தான் தலைப்பை அப்படி வைத்தேன்.

படி 1: கையில் வாங்கும் முன்

துப்பாக்கி எப்போதும் நிரம்பியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் நீங்களே திறந்து பாருங்கள். அதை அவர் தப்பாக நினைக்க மாட்டார். நல்ல கோச் என்றால் சந்தோஷப்படுவார். குழலின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும். குறி பார்த்துச் சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் சுடுபவரின் பொறுப்புதான். .22 எனப்படும் சிறு ரக ரைஃபிளின் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயும்.

ஏர் ரைஃபிள் விளையாட்டுச் சாமான் இல்லை. போட்டி ரைஃபிளிலிருந்து குண்டு வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வரும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், அதனால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குண்டு பெரும்பாலும் ஈயம், ஆகவே சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

படி 2: எந்தக் கண்?

இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, இரு கண்களாலும் தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே உங்கள் முதன்மைக் கண். அது வலக்கண் என்றால் வலத் தோளில் வைத்துப் பழகுங்கள். கண்ணும் கையும் வேறு வேறு பக்கம் என்றால் கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 3: நிற்பது

முதல் சில நாள் மேசை மேல் தாங்கல் வைத்துப் பழகுவது நல்லது. அதற்கப்புறம் நின்று பழகலாம். வலக்கைக்காரர் இடது இடுப்பு இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும், கால்கள் தோள் அகலத்தில். இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ விலாவிலோ ஊன்றுங்கள். ரைஃபிளின் பாரம் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். போட்டி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அதைக் கைத் தசையால் தூக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் கை நடுங்கத் தொடங்கிவிடும். தலையை ரைஃபிளை நோக்கிக் குனிக்காதீர்கள். ரைஃபிளைக் கன்னத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது மிக முக்கியமான சோதனை. குறி பார்த்த நிலையில் கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். ரைஃபிள் இலக்கின் வலப்பக்கம் போயிருந்தால், உங்கள் உடம்பு இயல்பாகப் பார்ப்பது அந்தத் திசையைத்தான். கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்த ரைஃபிள், விசை விடுபடும் அந்தக் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பும். நான் மாதக்கணக்கில் சைட்டை (ரைஃபிள் மேல் உள்ள குறி பார்க்கும் கருவியை) திருகிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். இடது பாதத்தை இரண்டு விரற்கடை நகர்த்தியதும் பிரச்சினை தீர்ந்தது.

படி 4: வட்டத்துக்குள் வட்டம்

பின் சைட்டின் துளைக்குள் முன் சைட்டின் வளையம், அதற்குள் கறுப்பு வட்டம், எல்லாம் ஒரே மையத்தில் வர வேண்டும். கறுப்பைச் சுற்றி வெள்ளை சமமாகத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணின் கூர்மை முன் சைட்டில் இருக்கட்டும். இலக்கு கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. குறி ஆடிக்கொண்டேதான் இருக்கும்; உலகச் சாம்பியனுக்கும் ஆடும், கொஞ்சம் குறைவாக ஆடும், அவ்வளவுதான்.

படி 5: மூச்சு, விசை, அதற்கப்புறம்

மூச்சை இயல்பாக விட்டு, அடுத்த மூச்சு இழுக்கும் முன் வரும் இடைவெளியில் நில்லுங்கள். விரல் நுனியின் சதையால் விசையை நேராகப் பின்னோக்கி, மெல்ல மெல்ல அழுத்துங்கள். "இதோ மையம் வந்துவிட்டது" என்று வெடுக்கென்று இழுப்பதுதான் புதியவர்களின் ஆகப் பெரிய தவறு. எட்டுப் பத்து வினாடிக்குள் சுட முடியவில்லையா? இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். அப்படி இறக்கி வைக்கத் தெரிவதையே நான் தேர்ச்சி என்பேன். விசை விடுபட்ட பிறகும் ஒன்றிரண்டு வினாடி அசையாமல் குறியைப் பார்த்துக்கொண்டிருங்கள். குண்டு குழலை விட்டு வெளியேற நேரம் வேண்டும்.

இதையெல்லாம் குண்டு இல்லாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு மாதம் செய்யுங்கள். சத்தமும் மதிப்பெண்ணும் இல்லாததால் உங்கள் விரல் என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: இதற்கென்று தனி வசதி உள்ள போட்டி ரைஃபிளில்தான் இது சரி. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைக் குண்டின்றி இயக்கினால் பிஸ்டன் மோதிச் சேதமாகும். பல .22 ரைஃபிள்களிலும் தோட்டாவை அடிக்கும் ஊசி, தோட்டா இல்லாத அறையின் விளிம்பில் அடித்துப் பழுதாகும். கோச்சைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஒவ்வொரு குண்டுக்கும் முன் லேன் (உங்களுக்கு ஒதுக்கிய சுடும் தடம்) எண்ணையும் பாருங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், 50 மீட்டர் த்ரீ பொசிஷன் (மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுடும் போட்டி) இறுதிப் போட்டியில் முன்னணியில் இருந்தார். கடைசிக் குண்டைப் பக்கத்து லேனின் இலக்கில் சுட்டுவிட்டார். அதற்குப் பூஜ்யம் கிடைத்து எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அத்தனை தேர்ந்தவருக்கே அது நேர்ந்தது.

படி 6: ஓட்டைகளைப் படிப்பது

ஐந்து குண்டு சுட்ட பிறகே சைட்டைப் பற்றி யோசியுங்கள். ஐந்தும் நெருக்கமாக, ஆனால் இடப்பக்கம் தள்ளி விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். ஐந்தும் சிதறிக் கிடந்தால் சைட்டைத் தொடாதீர்கள். படி 3-க்குத் திரும்புங்கள்.

சொந்தத் துப்பாக்கி?

பழக வந்த வாரமே சிலர் இதைக் கேட்கிறார்கள். ஒரு வருடமாவது ரேஞ்ச் (சுடும் பயிற்சிக் களம்) துப்பாக்கியிலேயே பழகுங்கள் என்பதே என் பதில். துப்பாக்கி வைத்திருப்பது வேறு, சுடத் தெரிவது வேறு. ரேஞ்சில் நான் மதிக்கும் சிலரிடம் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. வீட்டில் இருந்தால் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு ஆத்திரம் அதிகம், யார் மனம் உடைந்திருக்கிறார்கள் என்றும் சேர்த்து யோசிக்கச் சொல்வேன். இலக்கை மட்டும் சுடப் பழகிய எனக்கு அந்தக் கணக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை.

அப்படியும் வாங்குவதென்றால் உங்கள் நாட்டு உரிமச் சட்டத்தை முதலில் படியுங்கள். துப்பாக்கியைக் குண்டில்லாமல் இரும்பு அலமாரியில் பூட்டுங்கள், குண்டுகளை வேறிடத்தில் பூட்டுங்கள், சாவியை உங்களோடு வையுங்கள். ரேஞ்சிலேயே பூட்டி வைக்க இடம் தருகிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.