பல வருடம் கழித்து ஓடத் தொடங்கியதும் முட்டி வலிக்கிறதா?

முதல் வாரம் மூச்சு வாங்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் மூச்சு கட்டுக்குள் வந்துவிடும். இன்னும் ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். முட்டி வலி பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டுகிறது. இதயமும் நுரையீரலும் தசையும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும், எலும்பும், மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பும் வலுவேற மாதக்கணக்கில் ஆகும். மூச்சை மட்டும் நம்பித் தூரத்தைக் கூட்டினால் பின்தங்கி இருக்கும் பகுதிதான் வலிக்கும். ஷூவையும் வயதையும் தரையையும் குறை சொல்லும் முன், கடந்த மூன்று வாரத்தில் எந்த நாள் எத்தனை நிமிடம் ஓடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திடீரென்று கூட்டிய இடம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. தேயும் என்று அஞ்சப்படும் அந்தக் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அமுங்கி விரியும்போது மூட்டுத் திரவம் உள்ளே போய்வருவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. 2017இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அலசல் ஒன்றில், இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் சுமார் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் சுமார் 10 சதவீதம், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் சுமார் 13 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் அளவோடு ஓடுவது முட்டியைத் தின்றுவிடும் என்று அஞ்ச இதில் ஒன்றும் இல்லை.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்

கால் திருகிய சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், மடக்கிய முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால், நடக்கும்போது கால் நழுவி மடங்கினால், காலை ஊன்றவே முடியாவிட்டால், ஓடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். முட்டி சிவந்து சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றே போக வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அப்படியே. எலும்பின் மேல் ஒரே புள்ளியில் தொட்டாலே வலித்து, ஓய்விலும் இரவிலும் விடாமல் இருந்தால், அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம்; அதைப் பொறுத்துக்கொண்டு ஓடக்கூடாது. இதய நோய், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முட்டி வலிக்காவிட்டாலும் ஓடத் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

முட்டியில் சடசடவென்று சத்தம் மட்டும் வந்து, வலியும் வீக்கமும் இல்லை என்றால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

வலி எந்த இடத்தில்?

ஒரு விரலால் தொட்டுக் காட்டப் பாருங்கள். முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ மந்தமாக வலித்து, படி இறங்கும்போதும் குந்தும்போதும் வெகுநேரம் கால் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் கூடினால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே சுமை கூடிவிட்டது என்று பொருள். புதிதாக ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். விரலால் ஓர் இடத்தைக் காட்ட முடியாமல் உள்ளங்கையால் முட்டியையே மூடிக் காட்டுவார்கள்.

முட்டியின் வெளிப்பக்கத்தில், ஓடத் தொடங்கும்போது இல்லாமல் ஏறக்குறைய அதே தூரத்தில் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று பிடித்தால், இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கும் பட்டை முட்டியருகே உறுத்தப்படுகிறது. சரிவில் இறங்குவதும் ஒரு பக்கம் சாய்ந்த சாலையோரத்தில் ஓடுவதும் இதைக் கிளறிவிடும்.

சில்லுக்கு நேர் கீழே, ஒரு விரல் அகலத்தில் வலி, தொடங்கும்போது இருந்து உடம்பு சூடானதும் குறைந்து மறுநாள் காலை மறுபடி இறுகினால், அது தசைநாண். இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். முட்டியை எங்கே அழுத்தியும் வலி அகப்படவில்லை, ஆனால் இடுப்பைத் திருப்பினால் வலிக்கிறது என்றால், மூலம் இடுப்பு மூட்டாக இருக்கலாம்.

எவ்வளவு வலி வரை ஓடலாம்

வலியே இல்லாததை 0 என்றும் தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது 3 வரை பரவாயில்லை. அதைத் தாண்டினாலோ காலை இழுத்து ஓட நேர்ந்தாலோ அங்கேயே நடைக்கு மாறுங்கள். அதைவிட முக்கியம் மறுநாள் காலை. எழுந்ததும் ஏதாவது ஒரே படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். ஓடுவதற்கு முந்தைய நிலைக்கே வலி திரும்பியிருந்தால் நேற்றைய அளவு சரி. கூடுதலாக இருந்தால் நேற்று ஓடியது அதிகம். அடுத்த முறை ஓடும் நிமிடங்களைப் பாதியாக்குங்கள்.

வலி ஏற்கெனவே 4, 5 என்று இருந்தால் ஏழு முதல் பத்து நாள் ஓட்டத்தை நிறுத்துங்கள். கட்டிலில் படுத்துவிட வேண்டாம். முழு ஓய்வில் வலி போய்விடும்தான். கூடவே தொடையின் வலுவும் குறைவதால் திரும்ப ஓடும் முதல் நாளே வலி வந்து நிற்கும். அந்த நாட்களில் சமதளத்தில் நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். சைக்கிள் சீட் தாழ்வாக இருந்தால் சில்லின் மேல் அழுத்தம் கூடும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கும் அளவுக்குச் சீட்டை உயர்த்துங்கள்.

நடையும் ஓட்டமும் கலந்து

முப்பது நிமிடம் வேகமாக நடந்து, மறுநாள் வலி கூடாமல் இருக்க வேண்டும். அதன்பிறகே ஓட்டம். வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு.

ஐந்து நிமிட நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 முறை. மறுபடி ஐந்து நிமிட நடை. ஓடுவது மொத்தம் எட்டே நிமிடம்தான், போதும். இப்படி ஆறு நாள் ஓடி, ஆறிலும் மறுநாள் காலைப் படிக்கட்டுச் சோதனையில் தேறினால் அடுத்த கட்டம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 முறை. பிறகு 3 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 6 முறை. பிறகு 5 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை, 4 முறை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம். இடையில் ஒரு கட்டம் தேறாமல் திரும்பச் செய்ய நேர்ந்தால், இடைவிடாமல் இருபது நிமிடம் ஓடுவதற்குப் பத்து வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரம் வேண்டாம்.

வேகம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு. நேரம், வேகம், மேடு மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டை ஒன்றாகக் கூட்டினால், வலி வரும்போது எதனால் வந்தது என்றே தெரியாது.

காலடியைச் சுருக்குங்கள்

பாதம் உடம்புக்கு வெகு முன்னால், முட்டி நீண்டிருக்கும் நிலையில் தரையில் விழுந்தால், ஒவ்வோர் அடியும் முட்டியில் இடிக்கும். இதைச் சரிசெய்ய எளிய வழி, அதே வேகத்தில் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 38 என்றால் நிமிடத்துக்கு 152 அடி. ஐந்து சதவீதம் கூட்டினால் சுமார் 160. கைபேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை 160இல் வைத்து, ஓடும் துண்டுகளில் ஒன்றிரண்டில் மட்டும் அந்தத் தாளத்துக்கு ஓடிப் பழகுங்கள். பலர் செய்யும் தவறு, தாளம் கூடியதும் வேகத்தையும் கூட்டிவிடுவது. அடி சிறிதாக வேண்டும், வேகம் மாறக்கூடாது. முன்பாதத்தில் இறங்கி ஓடுங்கள் என்ற அறிவுரையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அது முட்டியின் சுமையைக் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் மாற்றிவிடும், பழகாத அந்தத் தசைநாண் அடுத்து வலிக்கும்.

தொடையும் இடுப்பும்

முட்டிக்கு மேலும் கீழும் உள்ள தசை பலவீனமாக இருந்தால் சுமை கூடுதலாக முட்டியில் இறங்கும். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மூன்று விநாடி எடுத்து மெதுவாக உட்காருங்கள். 10 முறை, 3 சுற்று. தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போய்விடும்.

சுமார் 15 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும்வரை தாழ்ந்து எழுங்கள். கண்ணாடி முன் செய்தால் முட்டி உள்பக்கமாகச் சாய்வது தெரியும். அது பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்வதை நிறுத்த முடியாவிட்டால் இன்னும் தாழ்ந்த படிக்குப் போங்கள். ஒவ்வொரு காலுக்கும் 8 முறை, 3 சுற்று. இந்தப் பயிற்சிகளில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதையே செய்யுங்கள்.

இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு, முதுகைச் சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, மேல் காலின் குதிகால் சுவரில் உரசியபடி மேலே தூக்குங்கள். 12 முறை, 3 சுற்று. சுவர் இல்லாவிட்டால் கால் தானாக முன்னால் நகர்ந்து, வேறு தசை வேலையை எடுத்துக்கொள்ளும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தி 5 விநாடி நிறுத்துவது 10 முறை. நின்றபடி குதிகாலை உயர்த்துவது 15 முறை. இவையும் 3 சுற்று.

சில்லுக்குக் கீழே தசைநாண் வலி உள்ளவர்கள், சுவரில் முதுகு சாய்த்து நாற்காலியில் உட்கார்வது போல 45 விநாடி அசையாமல் நில்லுங்கள். இரண்டு நிமிடம் இடைவெளி விட்டு 5 முறை. தொடை எரியலாம், முட்டியில் வலி 3ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் கொஞ்சம் மேலே ஏறி நில்லுங்கள். எந்தப் பயிற்சியும் ஓரிரு வாரத்தில் பலன் காட்டாது. ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும், பன்னிரண்டு வாரம் வரை விடாதீர்கள்.

மற்றவை

போட்டுப் பார்த்தவுடன் சுகமாக இருக்கும், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் உள்ள ஷூ போதும். 500 முதல் 800 கிலோமீட்டரில் மாற்றுங்கள். ஓடி முடித்தபின் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வலி தணியும், காரணம் போகாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: எச்சரிக்கும் வலி மறைந்துவிடும், வியர்த்து நீர் குறைந்த உடம்பில் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். முட்டி உறை சிலருக்கு ஆறுதல் தரும். போட்டால் வலி குறைகிறது என்றால் போடுங்கள், பயிற்சியை மட்டும் விடாதீர்கள். எடை அதிகமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது.

இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட கட்டத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் ஒரு கட்டம் பின்னால் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் 1 நிமிட ஓட்டத்திலிருந்து தொடங்குங்கள். இந்த முறை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆறு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஓடினால் போதும், மறுநாள் காலைப் படிக்கட்டுச் சோதனை மட்டும் முன்போலவே.