கன்சோலில் வந்த கேம் பிசிக்கு வராதபோது நாம் போடும் தப்புக் கணக்குகள்

ஒரு கேம் கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி ஆடும் மெஷினில், மட்டும் வந்தால் "இதையெல்லாம் பிசி தாங்காது" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். அதை நம்புவதுதான் முதல் தவறு. 2013-ல் வந்த சோனியின் பிஎஸ்4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டு கன்சோலிலும் இருந்தது ஏஎம்டியின் எக்ஸ்86 பிராசசர், அதாவது நம் கம்ப்யூட்டரின் பங்காளி. பிஎஸ்3 காலத்திலாவது இந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதன் செல் சிப்புக்கென்றே எழுதிய புரோகிராமை இன்னொரு மெஷினுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, காசு போட்டது யார் என்பது. பேயோனெட்டா என்ற கேமைப் பாருங்கள். முதல் பாகத்தை சேகா நிறுவனம் வெளியிட்டது. 2017-ல் பிசிக்கும் கொண்டுவந்தது. இரண்டாம் பாகத்துக்குப் பணம் தந்தது நின்டெண்டோ. 2014-ல் அவர்களின் வீ யூ கன்சோலுக்கு வந்தது, பிறகு ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தது, பிசி பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் உருவாக்கியது அதே பிளாட்டினம் கேம்ஸ்தான். ஆகவே "முதல் பாகம் வந்ததே, அடுத்ததும் வராமலா போகும்" என்று காத்திருப்பது வீண். நின்டெண்டோவுக்கு மரியோவும் செல்டாவும் மெஷினை விற்பதற்கான தூண்டில். தூண்டிலைப் பக்கத்துக் குளத்தில் போட அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஆள் தெரியாமல் திட்டுவது. 2015-ல் பிஎஸ்4-க்கு வந்த பிளட்போர்னை பிசிக்குத் தரச் சொல்லி, அதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேரை நச்சரிப்பவர்கள் இன்றும் உண்டு. டார்க் சோல்ஸ், செக்கிரோ, எல்டன் ரிங் என்று அவர்களின் மற்ற கேம்கள் பிசியில் கிடைக்கின்றன. அவர்களுக்கு பிசி மீது பகை எதுவும் இல்லை. பிளட்போர்ன் சோனியின் சொத்து, முடிவும் சோனியுடையது.

"திருட்டு காப்பிக்குப் பயந்துதான் தருவதில்லை" என்பதும் அடிக்கடி கேட்பது. அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் ஜிடிஏ கேம்களைத் தரும் ராக்ஸ்டார் நிறுவனம் எதையும் பிசிக்குத் தந்திருக்காது.

ராக்ஸ்டார் செய்வது தாமதம். தாமதத்தை மறுப்பாக எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு கேமுக்காகக் கன்சோல் வாங்கிவிடுவது பர்சைக் கடிக்கும் தவறு. ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்தது 2013 செப்டம்பரில், பிசிக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனது. சிலர் இரண்டிலும் வாங்குவார்கள், நிறுவனத்துக்கு அது கசக்குமா என்ன? ஆனால் இதையே விதியாகவும் பிடித்துக்கொள்ளக் கூடாது: 2010-ல் வந்த முதல் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் பிசிக்கு வந்து சேர்ந்தது 2024-ல். சோனியும் ஒரே மாதிரி நடப்பதில்லை. 2018-ன் காட் ஆஃப் வார் பிசிக்கு வர 2022 ஆனது. ஹெல்டைவர்ஸ் 2 இரண்டுக்கும் ஒரே நாளில் வந்தது. ஆன்லைனில் சேர்ந்து ஆடும் கேமுக்கு ஆள் கூட்டம் வேண்டும், அதனால் என்பது என் கணிப்பு.

கடைசியாக, "ஒரே சிப் என்றால் போர்ட் செய்ய (பிசிக்கு மாற்ற) என்ன கஷ்டம்" என்ற நினைப்பு. கன்சோலில் ஒரே அமைப்புக்குச் சோதித்தால் போதும். பிசியில் ஆயிரம் விதமான கிராஃபிக்ஸ் கார்டு, டிரைவர், மெமரி, அதற்கு மேல் கீபோர்டும் மவுசும். 2015 ஜூனில் பேட்மேன் ஆர்க்கம் நைட்டின் பிசி பதிப்பு அவ்வளவு மோசமாக ஓடியதால், சில நாட்களிலேயே விற்பனையை நிறுத்தி, அக்டோபரில்தான் மறுபடி கடையில் வைத்தார்கள். போர்ட் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள்.

அதனால் கன்சோலிலிருந்து வரும் கேமை முன்பதிவு செய்யாதீர்கள். இரண்டு வாரம் போகட்டும், பிழைகளைச் சரிசெய்யும் பேட்ச் வரட்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பணம் திரும்பக் கிடைக்குமே என்று சமாதானம் சொல்வீர்கள். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் அது கிடைக்கும். 2023-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது, ஷேடர் (காட்சிகளை வரைய கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தேவையான சிறு புரோகிராம்கள்) தயாராகும் வரை பலர் வெறும் மெனுவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரமும் ஆடிய கணக்கில்தான் சேர்ந்தது.