டேட்டாபேஸை வேறு பிராசசருக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி பிராசசர் வகை) பல ஆண்டுகள் ஓடிய டேட்டாபேஸின் சி, சி++ கோடு, வேறு வகைப் பிராசசரான 64-பிட் ஆர்மில் (ஆர்ம்64) ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆகிவிடலாம். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. எக்ஸ்86 ரொம்பவே பொறுமைசாலி. அது மன்னித்துவிட்ட பிழைகளை மற்ற பிராசசர்கள் மன்னிப்பதில்லை.

பெரிய பொறி மெமரி வரிசை, அதாவது ஒரு கோர் எழுதியவை மற்ற கோர்களுக்கு எந்த வரிசையில் தெரிகின்றன என்பது. ஒரு திரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஓர் இழை) தரவை எழுதிவிட்டு 'தயார்' என்று ஒரு கொடியை உயர்த்துகிறது; இன்னொன்று கொடியைப் பார்த்துத் தரவைப் படிக்கிறது. எக்ஸ்86-இல் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும். ஆர்மிலும் ஐபிஎம்மின் பவர் பிராசசரிலும் கொடி முன்னால் தெரிந்து, தரவு பழையதாகவே இருக்கலாம். மாறியின் முன் 'வாலடைல்' என்ற சொல்லைப் போட்டால் இது தீராது. கொடியை அட்டாமிக் (திரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் மாறி) ஆக்கி, வரிசையைக் காக்கும் குறிகளாக எழுதும் பக்கம் ரிலீஸ், படிக்கும் பக்கம் அக்வயர் வையுங்கள். எக்ஸ்86 கணினியில் கியூஇஎம்யூ (வேறு பிராசசரைப் போல நடிக்கும் மென்பொருள்) வழியாகச் சோதித்தால் இந்தப் பிழை அநேகமாக அகப்படாது, ஏனெனில் அடியில் ஓடுவது அதே எக்ஸ்86. பல கோர்கள் உள்ள நிஜ ஆர்ம் சர்வரில், மணிக்கணக்கில் சுமை ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது 'சார்', ஒரு பைட் அளவுள்ள எழுத்து வகை மாறி. லினக்ஸில் எக்ஸ்86 அதை −128 முதல் 127 வரையாகவும், ஆர்ம் 0 முதல் 255 வரையாகவும் கொள்ளும். ஆங்கில எழுத்துகளுக்கு வித்தியாசம் தெரியாது. யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்தின் 3 பைட்டுகளுமே 127-ஐத் தாண்டியவை, ஒப்பீடு தலைகீழாகிவிடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மூன்றெழுத்துத் துண்டுகளை வைத்துத் தேடும் பிஜி_டிரிஜிஎம் இன்டெக்ஸ் இதில் மாட்டியிருக்கிறது: எக்ஸ்86-இல் கட்டிய இன்டெக்ஸை ஆர்ம் நகலில் தேடினால், இருக்கும் பதிவுகளே கிடைக்காமல் போகலாம், பிழைச்செய்தியும் வராது. அதனால்தான் போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்பில், 'சார்' எதிர்ம எண்களை ஏற்குமா என்பது டேட்டாபேஸின் கன்ட்ரோல் ஃபைலிலேயே பதிவாகிறது. உங்கள் கோடில் பைட்டுகளை 'அன்சைன்ட் சார்' (0 முதல் 255 வரை) என்றே வெளிப்படையாக எழுதுங்கள்.

டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்யலாமா? எஸ்க்யூலைட் ஃபைல் எங்கும் திறக்கும். போஸ்ட்கிரெஸ் அப்படியல்ல, பைட் வரிசை தலைகீழான எஸ்390எக்ஸுக்கு (ஐபிஎம் மெயின்ஃபிரேம்) ஃபைல்களை நகலெடுத்துப் போக முடியாது, டம்ப் எடுத்து ஏற்றுவது ஒரு வழி.

பில்டு சர்வரில் 'மார்ச்=நேட்டிவ்' (கட்டும் கணினியின் சிப்புக்கே ஏற்றபடி கம்பைல் செய்யும் தெரிவு) வைத்துப் பேக்கேஜ் கட்டாதீர்கள். புதிய சிப்பில் கட்டியது பழையதில் 'தவறான கட்டளை' என்று விழும். மாங்கோடிபி 5.0 டேட்டாபேஸ் ஆர்ம்வி8.2 என்ற பிராசசர் பதிப்பைக் கேட்பதால் ராஸ்பெர்ரி பை 4-இல் ஓடாததும் இந்த வகைதான். ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு முதல், ஆர்ம்64-இல் புதிய அட்டாமிக் கட்டளைகள் உண்டா என்பதை ஓடும்போதே பார்த்துத் தேர்ந்துகொள்ளும் வசதி இயல்பாகவே இருக்கிறது. அதை அணைக்காமல் இருந்தால் போதும்.

பக்க அளவை (கெர்னல் மெமரியைப் பிரிக்கும் துண்டின் அளவு) 4 கேபி என்று கோடில் பதிக்க வேண்டாம். ஆர்ம்64 கெர்னல் 4, 16, 64 கேபி என மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 4 கேபிக்குக் கட்டிய ஜெமாலக் (மெமரி ஒதுக்கும் நூலகம்) 64 கேபி கெர்னலில் தொடங்கவே தொடங்காது. அதன் எல்ஜி-பேஜ் தெரிவின் மதிப்பை 16 (2-இன் 16-ஆம் அடுக்கு, அதாவது 64 கேபி) என்று கொடுத்துக் கட்டினால் மூன்றிலும் ஓடும்.

தசம எண் சோதனைகளில் கடைசி இலக்கம் மட்டும் பிசகினால் பதறி, எதிர்பார்க்கும் விடைகள் உள்ள ஃபைலை மாற்றிவிட வேண்டாம். ஆர்ம்64-இல் ஜிசிசி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்துவிடும், இடையே முழுமையாக்கல் நடக்காது. இந்த இணைப்பை நிறுத்தும் 'எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்' தெரிவைக் கொடுத்துக் கம்பைல் செய்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிசகினால், வரம்பு மீறிய தசம எண்ணை முழு எண்ணாக மாற்றும் இடங்களைத் தேடுங்கள்: எக்ஸ்86 அங்கே மிகச்சிறிய எதிர்ம எண்ணைத் தரும், ஆர்ம் உச்ச வரம்பிலேயே நின்றுவிடும்.