கிட் இல்லாமல் ஒரு சரக்குக் கொட்டகை: மாடல் ரயிலுக்கு முதல் கட்டிடம்

முதல் கட்டிடத்துக்கே பெரிய ஸ்டேஷன் வேண்டாம். நான்கு சுவர், ஒரு கூரை, ஒரு பெரிய கதவு உள்ள சரக்குக் கொட்டகை போதும், அதையும் கிட் (கடையில் கிடைக்கும் தயார் பாகங்கள்) வாங்காமலே செய்துவிடலாம். இங்கே கணக்கெல்லாம் ஹெச்ஓ அளவுக்கு, அதாவது 1:87. அசல் அளவை மில்லிமீட்டரில் எழுதி 87 ஆல் வகுத்தால் ஆயிற்று. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் 115, 69 மில்லிமீட்டர், 2.1 மீட்டர் கதவு 24.

வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்து தண்டவாளத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரக்கு மேடையின் உயரத்தை உங்களிடம் உள்ள வேகனின் தரையை வைத்தே குறித்துக்கொள்ளுங்கள், படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம்.

சுவருக்கு 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஷீட். பலரும் அவசரப்பட்டு முதலில் சுவர்களை ஒட்டி நிறுத்திவிட்டு, அப்புறம் ஜன்னலோடு மல்லுக்கட்டுவார்கள். நுணுக்கமான வேலை எல்லாமே ஷீட் மேஜையில் தட்டையாகக் கிடக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பலகைச் சுவர் வேண்டுமா, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கீறி, அந்தக் கோட்டின் திசையிலேயே முரட்டு உப்புத்தாளை இழுங்கள், மரத்தின் ரேகை வந்துவிடும். அடுத்து ஜன்னல்: நான்கு ஓரத்தையும் மூலையிலிருந்து நடுவை நோக்கிக் கீறுங்கள் (மூலையைத் தாண்டிப் போன கீறலைப் பெயிண்ட் மறைக்காது), உள்ளே ஒரு பெருக்கல் குறி போடுங்கள், பின்பக்கமிருந்து அழுத்தினால் நான்கு முக்கோணங்களாக உடைந்து வரும். மிச்சத்தை அரத்தால் சீராக்குங்கள். வெளி ஓரத்தை முழுசாக அறுக்கத் தேவையில்லை. ஸ்டீல் ஸ்கேல் வைத்து இரண்டு மூன்று தடவை லேசாகக் கீறி வளைத்தால் சுத்தமாக முறியும்.

பக்கச் சுவரின் அகலம் 69 இல்லை, 67. முன்சுவரும் பின்சுவரும் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் நீர்ப் பசை. மூலையைச் சேர்த்துப் பிடித்து, உள்பக்கம் பிரஷ்ஷால் தொட்டால் அதுவே இடுக்கில் ஓடிவிடும். அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், பசையின் வாடை நல்லதில்லை. ஒவ்வொரு மூலைக்கும் உள்ளே ஒரு சதுரப் பட்டி ஒட்டினால்தான் சுவர் கோணாது. உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடியுங்கள், பிறகு விளக்கு வைத்தால் சுவர் வழியாக வெளிச்சம் கசியாது.

நெளி தகரக் கூரைதான் எனக்குப் பிடித்த இடம். தடித்த அலுமினியத் தாளை அழிரப்பர் மாதிரி மெத்தென்ற பரப்பில் வைத்து, அதன்மேல் எம்5 (5 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டை அழுத்தி உருட்டுங்கள். அதன் மரைகளுக்கு இடையே உள்ள தூரம் 0.8 மில்லிமீட்டர், அசல் அளவில் 70. நிஜத் தகரத்தில் வழக்கமான 76க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! நெளிவு லேசாகச் சாய்ந்து விழும், அதனால் உருட்டிய பிறகே நெளிவுக்கு இணையாக 9க்கு 28 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, கீழ்வரிசையிலிருந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள்.

முதலில் சாம்பல் பிரைமர் (அடிப் பூச்சு), மேலே நிறம், காய்ந்ததும் நிறைய நீர்த்த கறுப்பு. அது கோடுகளில் போய்த் தங்கும். ஜன்னலுக்குத் தெளிந்த பிளாஸ்டிக்கைக் கடைசியில் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்; சூப்பர் குளூவின் ஆவி அதில் வெள்ளையாகப் படிந்துவிடும். கூரையை ஒட்டாமல் சும்மா உட்கார வையுங்கள். லேயவுட்டில் (தண்டவாளம் போட்ட மாடல் மேஜையில்) பொருத்துவதற்கு முன் உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியைப் பக்கத்தில் ஓட்டி, மேடையில் எங்கும் உரசவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.