அரையாண்டு ஒன்று கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

1993-இல் ஏற்காடு மலையில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, பதினோரு வருஷம் கழித்துச் சேலத்துக்கு இறங்கி, 2022 மே மாதம் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே பணியில் சேர்ந்து, இன்னும் ஓய்வு பெறாத டீச்சர்களுக்கும் சார்களுக்கும் இதை எழுதுகிறேன். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ஓய்வூதியக் கணக்கே வேறு.

நமக்கு முழு பென்ஷனுக்கு 30 வருஷம், அதாவது ஆறாறு மாதமாக எண்ணினால் 60 அரையாண்டு. மிச்சமாக நிற்கும் மாதங்கள் மூன்றைத் தொட்டாலே ஓர் அரையாண்டு. என் சர்வீஸ் 28 வருஷம் 10 மாதம், 58 அரையாண்டு.

அதில் ஒன்று போயிருக்கும். 1994 மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கிக் கால் எலும்பு முறிந்தது. ஐந்து மாதம் ஊதியமில்லா விடுப்பு. மருத்துவச் சான்று கொடுத்துத்தான் எடுத்தேன். பணிப்பதிவேட்டில் எழுதியவர் ‘மருத்துவச் சான்றின் பேரில்’ என்ற மூன்று வார்த்தைகளை விட்டுவிட்டார். அந்த வார்த்தைகள் இருந்தால் விடுப்பு பென்ஷனுக்குச் சேரும், இல்லாவிட்டால் கழிந்துவிடும். 58 என்பது 57 ஆகிவிடும். கடைசிச் சம்பளம் 90,000 என்று வைத்துக்கொண்டால், முழு பென்ஷன் அதில் பாதி, 45,000. அதை 60-ஆல் வகுத்தால் ஓர் அரையாண்டுக்கு 750 ரூபாய். மாதாமாதம், அகவிலைப்படி தனி, ஆயுள் முழுக்க. விடுப்பு ஆணையின் ஜெராக்ஸ் என் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் பதிவைத் திருத்தி கையெழுத்து வாங்க முடிந்தது. அது இல்லாத சிநேகிதிகள் எத்தனை பேர் என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை எஸ்.ஆரை, அதாவது அந்தப் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அலுவலகத்திலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படியுங்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் பணிக்காலம் சரிபார்க்கப்பட்டதாக அலுவலரின் கையெழுத்து இருக்க வேண்டும். மாறுதலில் போனவர்கள், பழைய பள்ளியில் விடுவிப்பு பிற்பகலா, புதிய பள்ளியில் பணியேற்பு முற்பகலா என்று பாருங்கள். நடுவில் ஒரு நாள் தொங்கினாலும் கேள்வி வரும். தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, குறிப்பிட்ட வருஷம் பணி முடித்தால் கிடைக்கும் தேர்வு நிலை, சிறப்பு நிலை ஊதிய நிர்ணயம் எல்லாம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரசு ஊழியர் விவரங்கள் இருக்கும் களஞ்சியம் செயலியில் இருப்பதும் ஏட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

வருஷ நடுவில் ஓய்வு பெறுபவர்களுக்குக் கல்வியாண்டு முடியும்வரை கிடைக்கும் மறுநியமனக் காலம் பென்ஷனுக்குச் சேராது. பலர் அதையும் கூட்டிக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

தொடக்கப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில்தான் பென்ஷன் கேட்கும் கருத்துரு தயாராகும். அது பென்ஷனை அனுமதிக்கும் சென்னை மாநிலக் கணக்காயருக்குப் போகுமுன், தகுதியான பணிக்காலம் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி நீங்களே கூட்டிப் பாருங்கள். நான் இரண்டு தடவை கூட்டினேன். 58 வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.