எலி மருந்து வாங்கும் முன்னால் செய்ய வேண்டியவை

ராத்திரி பரணில் கொறிக்கிற சத்தம் கேட்டால் உடனே எலி மருந்து வாங்க ஓடாதீர்கள். முதலில் வந்திருப்பது யார் என்று பாருங்கள். புழுக்கை அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் பெரிய எலி. நீண்ட மூக்கோடு கீச்கீச்சென்று சுவர் ஓரமாக ஓடி, ஒரு நாற்றத்தையும் விட்டுப் போனால் அது மூஞ்சூறு. அது கொறிக்கும் இனமே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்றுவிட்டுப் போகும், கதவைத் திறந்து வெளியே விரட்டினால் போதும்.

எலி என்றால் வேலை ஓட்டையில்தான் தொடங்குகிறது. பென்சில் நுழைகிற துளை இருந்தால் சுண்டெலிக்குப் போதும், பெரிய எலிக்கு ஓர் அங்குலம்கூடத் தேவையில்லை. கழுவுதொட்டிக் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி குழாய், கதவின் அடி இடைவெளி, சாக்கடை வாய், எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எலி தினமும் ஒரே வழியில் போவதால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுப்புத் தடம் விழுந்திருக்கும், அது போய் முடிகிற இடம்தான் நமக்கு வேண்டியது. அடைக்கும்போது ஃபோம், மரத்துண்டு எல்லாம் வீண். முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி அது, கொறித்துத் தள்ளிவிடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள்.

சாப்பாடு கிடைக்கவும் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் வைத்த மிச்சத்தை இரவில் எடுத்துவிடுங்கள். பூனை இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று: சுண்டெலியைப் பிடிக்கிற பூனைகூட, நன்றாக வளர்ந்த பெருச்சாளியைப் பார்த்தால் பெரும்பாலும் ஒதுங்கித்தான் போகும்.

அப்புறம் பொறி. சுண்டெலிக்குப் புதுப்பொருள் என்றால் ஆர்வம், அன்றைக்கே மாட்டிக்கொள்ளும். பெரிய எலிக்குப் புதுப்பொருள் என்றாலே சந்தேகம், அதனால் சில நாள் பொறியைப் பூட்டாமல் வெறும் தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள். தீனி இருக்கும் பக்கம் சுவரைத் தொடுகிற மாதிரி, சுவருக்குக் குறுக்காக வையுங்கள், ஒன்றுக்குப் பதில் நாலைந்தாக. பசை அட்டை வேண்டவே வேண்டாம். எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும், பல்லியும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும்.

சரி, மருந்தில் என்ன பிரச்சினை? புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் போன்றவை ரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அந்த நேரத்தில் அதுதான் ஆந்தைக்கும் பூனைக்கும் சுலபமான இரை, விஷம் அப்படியே அவற்றின் ஈரலுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும். எலியைத் தின்கிற ஆந்தை செத்தால் லாபம் எலிக்குத்தானே! வீட்டு நாய் மருந்தைத் தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் மருந்து அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த வகைக்கு வைட்டமின் கே1 மாற்றுமருந்தாக இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துப் பசைக்கு மாற்றுமருந்தே கிடையாது, மனிதர் தின்றாலும் ஈரலைக் கெடுத்துவிடும். குழந்தை இருக்கிற வீட்டுக்குள் அது நுழையவே கூடாது.

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசியோடு கிருமி மூச்சில் போகும், ஹான்டா வைரஸ் பரவுகிற ஒரு வழி அதுதான். ஜன்னலை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம், சாக்கடை ஓரம் வேலை செய்யும்போது பூட்ஸ் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அடைத்த இடங்களில் இரவு கொஞ்சம் மாவு தூவி வையுங்கள். காலையில் கால்தடம் இருந்தால் இன்னொரு ஓட்டை பாக்கி.