காற்று இருந்தும் எரியும் டயர் விளக்கு: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேஷ்போர்டில் லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறியோடு மஞ்சள் விளக்கு எரிந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இறங்கி டயரை ஓர் உதை உதைத்து, "காற்று இருக்கிறதே" என்று கிளம்பிவிடுகிறார்கள். அல்லது ரீசெட் பொத்தானை அமுக்குகிறார்கள். உதைப்பதால் காலுக்குத்தான் வலி. கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் செய்வதோ உண்மையிலேயே கெடுதல்.

காற்று குறைவதைக் கார் இரண்டு வழிகளில் அறிகிறது. ஒருவகைக் காரில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும், பெரும்பாலும் வால்வோடு சேர்த்து, ஒரு சென்சார் இருக்கும். அது அழுத்தத்தை நேரடியாக அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். மற்ற வகையில் டயருக்குள் எதுவுமே கிடையாது. காற்று இறங்கிய டயரின் உருளும் சுற்றளவு சற்றுக் குறைவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) பொருத்திய வேக சென்சார்களைக் கொண்டு கார் அந்த வித்தியாசத்தைக் கணக்கிடுகிறது. இந்த வகையில் ரீசெட் என்பது "இப்போது இருக்கும் நிலைதான் சரி" என்று காருக்குச் சொல்லிக்கொடுப்பது. 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய ஒரு டயரில் 24 இருக்கும்போது அமுக்கினால் அதையே சரியென்று எடுத்துக்கொள்ளும். விளக்கு அணைந்துவிடும், டயரின் ஓரங்கள் தேயத் தொடங்கும். நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்த பிறகுதான் ரீசெட். அதன்பின் சிறிது தூரம் ஓட்டவும் வேண்டும். நின்ற இடத்திலேயே கார் கற்றுக்கொள்ளாது.

அடுத்தது, சூடான டயரில் அளப்பது. "பொய் எச்சரிக்கை" என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இதில் பிறப்பவை என்பது என் கணிப்பு. சித்திரை வெயிலில் திருவாரூரிலிருந்து தஞ்சாவூர் வரை ஓட்டி வந்து, அங்கே காற்று பிடிக்கும் கடையில் 33 வைக்கச் சொல்கிறோம். ஓடிய சூட்டில் டயரின் அழுத்தம் ஏற்கெனவே நான்கு பிஎஸ்ஐ வரை ஏறியிருக்கும். ஆறியதும் உள்ளே இருப்பது 29 அளவுதான். ஓட்டை இல்லாத டயரும் மாதம் ஒரு பிஎஸ்ஐ போல இழக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் மேலும் ஒன்றரை பிஎஸ்ஐ போகும். இடையில் காற்றைக் கவனிக்காமல் விட்டால், மார்கழி விடியலில் விளக்கு எரிவது பொய்யே அல்ல. பல கார்கள், நிர்ணயித்த அளவில் கால் பங்கு குறையும்போது எச்சரிக்கின்றன. 33-க்கு அது ஏறக்குறைய 25. காரை எடுப்பதற்கு முன், நிழலில், சொந்தமாக வைத்திருக்கும் காற்றழுத்தக் கருவியால் அளப்பதே நம்பகமானது. தரையில் பலமுறை விழுந்து எழுந்த கடைக் கருவியை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்சவரம்பு. அதை வைக்கக் கூடாது.

குளிர்ந்த டயரில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அது உண்மையான பொய் எச்சரிக்கை. இங்கே பலர் செய்யும் செலவான தவறு, காரில் இல்லாத சென்சாரை மாற்றக் கிளம்புவது. திரையில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனி எண் தெரிந்தால் சென்சார் உள்ளே இருக்கிறது. வெறும் விளக்கு மட்டும் என்றால் முதலில் கையேட்டைப் பாருங்கள்.

வேகத்தைக் கொண்டு கணிக்கும் காரில் நம் ஊர்ச் சாலைக்கும் பங்கு உண்டு. ஆற்றங்கரை மண் சாலையில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் கணக்கு பிசகும். பின்னால் நெல் மூட்டைகளை அடுக்கினாலும், ஒரே ஒரு புது டயரைத் தேய்ந்த மூன்றோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். உளுந்துச் செடியையும் வைக்கோலையும் சாலையில் பரப்பி வண்டிகளை ஏறவிடும் பருவத்தில், அவை அச்சைச் சுற்றிக்கொண்டு வேக சென்சாரின் ஒயரை இழுத்துவிடலாம். அப்போது ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரியும். காற்று பிடித்துப் பயனில்லை. (சூடான சைலன்சர் குழாயில் வைக்கோல் சிக்கினால் தீயே பிடிக்கும். பார்த்தவுடன் வண்டியை அணைத்து, குழாய் ஆறியபின் அகற்றிவிடுங்கள்.)

உள்ளே சென்சார் உள்ள காரில், வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் கோளாறு பெரும்பாலும் கருவியில், காற்றில் அல்ல. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை தாங்கும். பிறகு பொதுவாகச் சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டினாலும், பஞ்சரை அடைக்கும் திரவம் சென்சாரின் துளையை அடைத்தாலும் இதே கதை. மலிவான மொபைல் சார்ஜரும் சிக்னலைக் குழப்பலாம். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கக் காசு செலவில்லை. வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற உப்புக் காற்று வீசும் ஊர்களில் அலுமினிய வால்வுக்குப் பித்தளை மூடி போடக் கூடாது. இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். திருகினால் வால்வே ஒடியும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

பட்டறையில் "சென்சார் போய்விட்டது" என்றால், ஸ்கேன் கருவியில் நான்கு சக்கரங்களின் அழுத்தத்தையும், அது காட்டினால் பேட்டரி நிலையையும் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சக்கரத்திலிருந்து சிக்னல் வரவில்லை என்பது அதிலேயே தெரியும். தெரிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.